ஒரு சூதுபவளச் சரத்தைப் பிரித்துப் பார்த்தது: 61 மணிகள், 61 துளைகள்

பெரியம்மா மகன் காரைக்குடியில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கிய கல்மணிச் சரம் இது. மொத்தம் 61 மணிகள். முக்கால்வாசி சூதுபவளம், அதாவது கார்னீலியன். நடுநடுவே வெள்ளை வரியும் பழுப்பு வரியும் ஓடிய அகேட். கடையில் "கொடுமணல் மணி, ரெண்டாயிரம் வருசத்துப் பழசு" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "தம்பி, இதுல எது நிஜமாவே பழசுன்னு பாத்துச் சொல்லு, அவசரமில்ல" என்று அண்ணன் சரத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

கொடுமணல் என்ற பெயரை இப்படி எளிதாகச் சொல்லி விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கும் அந்த ஊரில் 1980களிலிருந்து பேராசிரியர் கா. ராஜன் உள்ளிட்டோர் பல கட்டமாக அகழாய்வு செய்தார்கள். சூதுபவளம், அகேட், பச்சைக்கல், பளிங்கு என்று பல கற்களில் மணி செய்த பட்டறைத் தடயங்கள் அங்கே கிடைத்தன. மூலக்கல், உடைத்துச் செதுக்கிய துண்டு, துளையிடாத மணி, முழுமையான மணி என எல்லா நிலைகளும் மண்ணுக்குள் அடுக்கடுக்காக இருந்தன. ஒரே ஈமக்குழியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் வந்தன. எந்த மணி எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எந்தப் பானைக்குப் பக்கத்தில் கிடைத்தது என்று பதிவாகி இருப்பதால்தான் அவற்றுக்கு வயது சொல்ல முடிகிறது. கடைக்கு வந்துவிட்ட மணியிடம் அது எதுவும் இல்லை. உண்மையிலேயே அந்த மண்ணில் தோண்டி எடுத்தது என்றால் அது கடைக்கே வந்திருக்கக் கூடாது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் சரத்தை அவிழ்க்கும் முன்பே ஒரு வெள்ளைத் துணியில் நீட்டி வைத்து, பக்கத்தில் அளவுகோலோடு இரண்டு பக்கமும் படம் எடுத்தேன். கோர்த்திருந்தது புத்தம் புது நைலான் நூல். பழைய பருத்தி நூலோ குதிரைமயிரோ இருந்திருந்தால் அதையும் தனியாக எடுத்து வைத்திருப்பேன். அப்புறம் நூலை வெட்டி, ஒவ்வொரு மணியையும் மாத்திரை டப்பாவின் அறைகளில் எண் போட்டு வைத்தேன். மணிகளைக் கழுவவில்லை. கழுவுவதுதான் பலரும் முதலில் செய்கிற காரியம். துளைக்குள் ஒட்டியிருக்கும் மண் ஒரு சாட்சி. பல் இடுக்கு சுத்தம் செய்யும் குட்டி பிரஷ்ஷால் அதைச் சுரண்டி, மணி எண் எழுதிய காகிதத்தில் மடித்து வைத்தேன். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். சில மணிகளின் மண் நிமிடத்தில் கரைந்து அடியில் படிந்தது. சிலவற்றின் மண் கட்டி கட்டியாக அப்படியே நின்றது, நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனில்தான் இளகியது. பசையில் குழைத்துப் பூசிய மண் அது. பழசாகக் காட்டவே யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

கையில் இருந்த கருவிகள் எல்லாம் சாதாரணமானவை: நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கிற 10 மடங்கு லென்ஸ், வெர்னியர் காலிப்பர், 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, கூர்மையான ஒளிக்கற்றை உள்ள டார்ச், பல் மருத்துவர்கள் அச்செடுக்கப் பயன்படுத்தும் மெல்லிய வகை சிலிகோன் பசை. கல்லைக் கீறிப் பார்ப்பது, தீயில் காட்டுவது, சூடான ஊசி வைப்பது எதையும் செய்யக் கூடாது. அது மணியையும் கெடுக்கும், வயதையும் சொல்லாது.

கண்ணாடியைப் பிரிப்பது முதல் படி. சூதுபவளமும் அகேட்டும் ஒரே குடும்பம், மிக நுண்ணிய படிகங்களால் ஆன குவார்ட்ஸ். அடர்த்தி 2.6 அளவில் நிற்கும். சாதாரணக் கண்ணாடி 2.5 பக்கம். வித்தியாசம் சிறியது, ஆனால் கவனமாகச் செய்தால் பிடிபடும். மணியை முதலில் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து அளவைப் பூஜ்ஜியம் ஆக்கி, மணியை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் எண் மணி விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி. 14-ஆம் எண் மணி 3.12 கிராம், தண்ணீரில் காட்டியது 1.20, வகுத்தால் 2.60. கல். 22-ஆம் எண் 2.05 கிராம், தண்ணீரில் 0.83, வகுத்தால் 2.47. கண்ணாடி. துளைக்குள் காற்றுக்குமிழி நின்றுவிட்டால் கணக்கு தப்பாகும், அதனால் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, மணியை இரண்டு முறை குலுக்கிவிட வேண்டும். அரை கிராமுக்குக் கீழே இருக்கும் குட்டி மணிகளில் 0.01 பிசகே பெரிய பிசகு, அங்கே இந்த முறையை நம்ப வேண்டாம்.

குட்டி மணிகளுக்கு வேறு வழி இருக்கிறது. துளை வாயில் எப்படியும் ஒரு சிறு சில்லு பெயர்ந்திருக்கும். அந்த உடைவை லென்ஸில் பாருங்கள். கண்ணாடி உடைந்த இடம் பளபளவென்று ஈரம்போல் மின்னும். சூதுபவளம் உடைந்த இடம் மெழுகு பூசியதுபோல் மங்கலாக இருக்கும். இந்த ஒரு பார்வை போதும் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு இதில் நம்பிக்கை. கூடவே, டார்ச் வெளிச்சத்தில் கண்ணாடிக்குள் உருண்டையான குமிழிகளும் சுழி சுழியான ஓட்டமும் தெரியும். அச்சில் வார்த்தது என்றால் நடுவில் சுற்றிலும் ஒரு மெல்லிய பொருத்துக்கோடு ஓடும். இப்படி ஏழு மணிகள் கண்ணாடி என்று ஒதுங்கின. சூதுபவளத்தைக் கண்ணாடியில் நகல் செய்வது புதிய வேலையும் இல்லை. ஐரோப்பாவில், குறிப்பாக பொஹீமியாவில், ஆப்பிரிக்கச் சந்தைக்கென்றே இந்த நகல்களை வார்த்து அனுப்பினார்கள். அதனால் கண்ணாடி என்பதாலேயே நேற்றுச் செய்தது என்று தள்ளிவிடவும் முடியாது.

மிச்சம் 54 கல்மணிகள். என்னைக் கேட்டால் மணியின் வயதைத் தேடுகிறவர் மேற்பரப்பைக் கடைசியாகவும் துளையை முதலிலும் பார்க்க வேண்டும். வெளிப்பக்கத்தைத் தேய்க்கலாம், புதைக்கலாம், அமிலத்தில் ஊறவைக்கலாம், சூடாக்கலாம். துளையை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. எந்தக் கருவி உள்ளே போனதோ அதன் தடம் அப்படியே இருக்கும்.

துளையை மூன்று விதமாகப் பார்த்தேன். முதலில் ஒரு பக்கம் டார்ச்சை வைத்து மறுபக்கம் லென்ஸில். சூதுபவளம் ஒளியைக் கடத்தும் கல் என்பதால் துளையின் போக்கு பக்கவாட்டிலேயே நிழலாகத் தெரியும், இரு பக்கத் துளைகள் நடுவில் சந்திக்கும் இடத்தில் சிறு படி இருந்தால் அதுவும் தெரியும். பிறகு பல தடிமனில் தூண்டில் நரம்பு வாங்கி, ஒவ்வொன்றாக நுழைத்துத் துளையின் அகலத்தை அளந்தேன். கடைசியாக, சந்தேகம் உள்ள மணிகளில் சிலிகோன் பசையை ஊசியால் செலுத்தி, உள்ளே ஒரு மெல்லிய நூலையும் விட்டு, இறுகியதும் நூலைப் பிடித்து இழுத்தேன். துளையின் உட்சுவர் அப்படியே வெளியே வந்துவிடுகிறது. அதை லென்ஸின் கீழே வைத்துப் பார்க்கும்போது கிடைக்கும் தெளிவு துளைக்குள் எட்டிப் பார்ப்பதில் வராது. ஆராய்ச்சியாளர்கள் இதே அச்சை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார்கள். நமக்கு லென்ஸே நிறையச் சொல்லும். துளை ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மட்டும் பசை உள்ளே அறுந்து நிற்கும், அங்கே முயல வேண்டாம்.

என்னென்ன தடங்கள் உண்டு என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிந்துவெளியில் நீளமான சூதுபவள மணிகளைத் துளைக்கக் கல்லால் ஆன துரப்பண முனைகளைப் பயன்படுத்தினார்கள். 1935-36இல் சாஞ்சுதாரோ என்ற சிந்துவெளி ஊரில் அகழாய்வு செய்த எர்னஸ்ட் மக்கே நினைவாக அந்தக் கல்லுக்கு எர்னஸ்டைட் என்று பெயர். அதில் போட்ட துளை உட்சுவர் வழவழவென்று மெருகேறியதுபோல இருக்கும். ஆழம் போகப் போக மெல்லிய முனைக்கு மாறியதால் படிப்படியாகக் குறுகும். அமெரிக்கத் தொல்லியலாளர் ஜொனாதன் மார்க் கெனோயர் செய்து பார்த்த சோதனைகளில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2.5 மி.மீ. தான் இறங்கியது. இதை நினைத்தால் ஒரு விரல் நீள மணிக்கு எவ்வளவு உழைப்பு என்று புரியும். அண்ணன் சரத்தில் அந்த வகை ஒன்றுகூட இல்லை.

அதற்குப் பிறகு வந்தது வைர முனை. இரும்புத் தண்டின் நுனியில் இரண்டு பொடி வைரச் சில்லுகளைப் பதித்து, வில்லால் இழுத்துச் சுழற்றி, தண்ணீர் சொட்டவிட்டுக்கொண்டே துளைப்பது. அச்சில் எடுத்தால் சீரான உருளை, அதன்மேல் நெருக்கமாக வளையம் வளையமாகக் கோடுகள். பொதுவாக இரு பக்கமிருந்தும் போட்டு நடுவில் சந்திக்க வைப்பார்கள், அதனால் சந்திப்பில் கொஞ்சம் விலகல் இருக்கும். இங்கேதான் ஒரு சிக்கல். இந்த வைர முனை கி.மு. காலத்தின் கடைசி நூற்றாண்டுகளிலேயே இந்தியாவில் இருந்தது, குஜராத்தின் கம்பாத்தில் இருபதாம் நூற்றாண்டிலும் இருந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலாக ஒரே கருவி, ஒரே தடம். ஆகவே வளையக்கோடு தெரிகிறது என்றால் அந்த மணி கையால் துளைத்தது என்று சொல்லலாம். சங்ககாலமா, தாத்தா காலமா என்பதைத் துளை மட்டும் சொல்லாது.

இன்றைய மணிகளில் தடமே வேறு. மீயொலி (அல்ட்ராசோனிக்) இயந்திரத்தில் போட்ட துளை ஒரே பக்கமிருந்து நேராகப் போய் மறுபக்கம் வரும். தேய்ப்புப் பொடி குழம்பு கல்லை அரிப்பதால் உட்சுவர் உறைபனி படிந்த கண்ணாடிபோல் மங்கலாக இருக்கும், வளையக்கோடு இருக்காது, வெளியேறும் வாயில் மட்டும் சில்லுகள் பெயர்ந்திருக்கும். 29 மணிகள் இந்தக் குழுவுக்குப் போயின. பசையில் குழைத்த மண் இருந்ததும் இவற்றில்தான். சரத்தின் ஏறக்குறைய பாதி.

அந்த 29இல் ஒன்றுதான் அண்ணன் மிகவும் பெருமைப்பட்ட மணி: சிவப்பு மேல் வெள்ளைக் கோடுகள் வரைந்த சூதுபவளம். இந்த வேலைப்பாடு சிந்துவெளிக் காலத்திலிருந்தே உண்டு, மெசபடோமியாவில் (இன்றைய இராக்) ‘ஊர்’ (Ur) என்ற பழைய நகரத்தின் கல்லறைகள் வரை போயிருக்கிறது, கொடுமணலிலும் கிடைத்திருக்கிறது. சோடாக் காரத்தைச் செடிச்சாற்றில் குழைத்து, கல்மேல் வரைந்து, நெருப்பில் சூடாக்குவார்கள். காரம் பட்ட இடம் நிரந்தரமாக வெளுத்துவிடும். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் சேவான் என்ற ஊரில் ஒரு முதிய கைவினைஞர் இதைச் செய்துகாட்டியதை மக்கே பதிவு செய்திருக்கிறார். மணி ஆய்வாளர் ஹோரஸ் பெக் 1933இல் இத்தகைய மணிகளை மூன்று காலமாகப் பிரித்தார்: கி.மு. 2000க்கு முன், கி.மு. 300 முதல் கி.பி. 200 வரை, கி.பி. 600 முதல் 1000 வரை. முதல் கால மணிகளில் வட்டங்களும் கண் வடிவங்களும் அதிகம், இரண்டாம் காலத்தில் நேர்கோடுகளும் குறுக்குக்கோடுகளும் அதிகம்.

நம் மணியில் உள்ள வெள்ளை வெறும் மேற்பூச்சு அல்ல. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் வெள்ளை கல்லுக்குள் இறங்கியிருப்பது தெரிகிறது. அசிட்டோனில் அசையவில்லை, நகம் கோட்டின் விளிம்பில் தட்டவில்லை. வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்தால் நல்ல பழைய மணி என்று எழுதியிருக்கலாம். துளையோ ஒரே பக்கமிருந்து போன, மங்கலான சுவருள்ள, 1.0 மி.மீ. நேர்த்துளை. பழைய முறைப்படி வரைந்த புது மணி. கார வேலை தெரிந்த கைகள் இன்றும் இருக்கின்றன என்பது எனக்கு மகிழ்ச்சிதான். அதை அதன் பெயரிலேயே விற்றால் என்ன?

வைர முனைத் துளையுள்ள மணிகளில் 18 கம்பாத் வழி மணிகள் என்று பிரித்தேன். கம்பாத் வேலையைத் தெரிந்துகொண்டால் இந்த மணிகளைக் கையில் பிடிப்பதே வேறு அனுபவம். பரூச் பக்கம் ரத்தன்பூர் சுரங்கங்களிலிருந்து வரும் கல்லை மாதக்கணக்கில் வெயிலில் காயவைத்து, மண்பானையில் போட்டு, சாணமும் மரத்தூளும் எரியும் மெல்லிய சூட்டில் வேகவைப்பார்கள். மஞ்சள் பழுப்பான இரும்புச்சத்து சிவப்பாக மாறுவது அந்தச் சூட்டில்தான். பிறகு தரையில் நட்ட கூர் இரும்பின் மேல் கல்லைச் சாய்த்துப் பிடித்து, எருமைக்கொம்புச் சுத்தியலால் தட்டிச் சில்லு பெயர்ப்பார்கள். அடி மேலே, பெயர்வது கீழே இரும்பு தொடும் இடத்தில். அந்த ரத்தன்பூர்க் குன்றில் பாபா கோர் தர்கா இருக்கிறது. ஆப்பிரிக்க வம்சாவளி சிதிகள் போற்றும் அந்த மகானை மணித்தொழிலின் காவலராகவே வணங்குகிறார்கள். அங்கிருந்து போன மணிகள் கிழக்கு ஆப்பிரிக்கா, அரேபியா, தென்கிழக்கு ஆசியா வரை பரவின.

சூடாக்கியிருக்கிறார்கள் என்பதை வைத்துப் புதுசு என்று சொல்லக் கூடாது. சிந்துவெளியிலும் சூடாக்கினார்கள். சாயம் வேறு விஷயம். இடார்-ஓபர்ஸ்டைன் என்ற ஜெர்மன் ஊரில் 19ஆம் நூற்றாண்டில் அகேட்டை இரும்பு உப்பில் ஊறவைத்துச் சிவப்பாக்கவும், சர்க்கரைப் பாகில் ஊறவைத்துக் கந்தக அமிலத்தால் கருப்பாக்கவும் பழகியிருந்தார்கள். உள்ளூர்க் கல் குறைந்து, 1830களிலிருந்து பிரேசிலின் ரியோ கிராண்டே டோ சுல் அகேட் வந்து குவிந்தது. ஆறடி உயர மணற்கல் சக்கரங்களை நீர்ச்சக்கரம் சுழற்ற, வேலையாட்கள் குப்புறப் படுத்து மணியை அழுத்தித் தீட்டினார்கள். அந்த மணிகளின் அடையாளம் அளவின் கறார். இந்தச் சரத்திலும் அப்படி மூன்று மணிகள், காலிப்பரில் ஒன்றுக்கொன்று முடியளவு வித்தியாசம்கூட இல்லை, பட்டைகள் எல்லாம் ஒரே கோணம், நிறம் வரிக்கு வரி கத்தரித்தாற்போல் மாறுகிறது. அவற்றின் சீட்டில் "இடார் பாணி" என்று எழுதினேன்.

கம்பாத் வழி 18 மணிகளை 19ஆம் நூற்றாண்டு முதல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை என்று வைத்ததற்குக் காரணம் தேய்மானம். ஓரங்கள் லேசாக மழுங்கியிருக்கின்றன, துளை வாயில் நூல் உரசிய பள்ளம் தொடங்கியிருக்கிறது, ஆனால் பட்டைகள் இன்னும் தெளிவு. நீண்ட காலம் அணிந்த சூதுபவளத்தில் பிறைத் தழும்புகள் இருக்கும். மணியோடு மணி மோதி உண்டாகும் நகக்கீறல் போன்ற அரைவட்டக் கீற்றுகள் அவை. உண்மையான தழும்பு ஒன்றன்மேல் ஒன்றாக, பழையது மங்கியும் புதியது கூர்மையாகவும் இருக்கும். சரளையோடு போட்டு உருட்டிய போலித் தேய்மானத்தில் எல்லாத் தழும்பும் ஒரே வயது, எல்லாப் பக்கமும் ஒரே அளவு. அதோடு துளை வாய் மட்டும் கூர்மையாக நிற்கும். மேனி தேய்ந்து வாய் தேயாத மணி எங்கும் கிடையாது.

மிஞ்சியது நான்கு. நான்கும் சிறியவை, இரு முனையும் குவிந்த குட்டை வடிவம், மிகப் பெரியதே 9 மி.மீ. தான். துளை இரு பக்கமிருந்தும் வந்து, நடுவில் நன்றாக விலகிச் சந்திக்கிறது. அச்சில் வளையக்கோடு தெரிகிறது, ஆனால் வாய்ப்பக்கம் நூல் உரசி அந்தக் கோடுகள் அழிந்து வழவழப்பாகிவிட்டன. கோடு இருந்து, பிறகு தேய்ந்து போன இந்த வரிசையைப் போலியாகச் செய்வது மிகக் கடினம். ஒரு மணியில் செதுக்கிய பள்ளம் ஒன்று தீட்டாமல் விடுபட்டு, அதன் தரையில் மெல்லிய வெளுப்பு படிந்திருக்கிறது. மண்ணுக்குள் நெடுநாள் இருந்த கல்லில் வருவது அது. இரண்டில் இருந்த மண் தண்ணீரில் கரைந்த, பசையில்லாத மண்.

அண்ணன் ஃபோனில் கேட்டார், "அப்போ அந்த நாலும் கொடுமணல்தானே?" அப்படிச் சொல்ல முடியாது அண்ணா என்றேன். தமிழ்நாட்டில் சூதுபவளம் விளையும் பாறை இல்லை. அது டெக்கான் எரிமலைப் பாறைகளின் பொந்துகளில் உருவாகி, ஆற்றோடு உருண்டு வரும் கல். கொடுமணல்காரர்களே கல்லை வெளியிலிருந்து வரவழைத்தார்கள். ஒரே கல் கொடுமணல் போயிருக்கலாம், அரிக்கமேடு போயிருக்கலாம், கடல் தாண்டித் தாய்லாந்துக்கும் போயிருக்கலாம். கல் எந்தச் சுரங்கம் என்பதைக்கூட லேசரால் பொடியளவு ஆவியாக்கி அதில் உள்ள தனிமங்களை அளக்கும் சோதனைதான் சொல்லும், லென்ஸ் சொல்லாது. எந்த ஊரில் செய்தது, எந்த ஊரில் புதைந்தது என்பதைத் தோண்டியவர் மட்டுமே சொல்ல முடியும்.

ஐந்து குழுவையும் தனித்தனியாகக் கட்டினேன். கம்பாத் மணிகள் பதினெட்டையும் முறுக்கிய பட்டு நூலில், மணிக்கு மணி முடிச்சுப் போட்டுக் கோர்த்து அண்ணிக்குக் கொடுத்தாயிற்று. முடிச்சு இருந்தால் மோதித் தழும்பாகாது, நூல் அறுந்தாலும் சிதறாது. வரைந்த மணியைத் தனி நூலில் அண்ணன் வைத்துக்கொண்டார். நான்கு மணிகளும் அவற்றின் மண் பொட்டலங்களும் சிலிகோன் அச்சுகளும் ஒரே டப்பாவில் இருக்கின்றன. சீட்டில் எழுதியது இவ்வளவுதான்: "கையால், இரு பக்கமும் வைர முனையில் துளைத்தது. நீண்ட காலம் அணிந்தது. புதைந்து கிடந்திருக்கலாம். இடம் தெரியாது. காரைக்குடியில் வாங்கியது." அந்தக் கடைக்கு இந்தச் சரம் யாரிடமிருந்து வந்தது, எந்த ஊர் என்று அடுத்த முறை போகும்போது கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன். பதில் கிடைத்தால் தேதியோடு அதே சீட்டில் சேர்த்து, மாவட்டத் தொல்லியல் அலுவலரிடம் டப்பாவோடு காட்ட வேண்டும்.